தண்ணி இறங்கிருச்சு

வெள்ளக் காவலுக்குப் புதிதாகப் பேர் கொடுத்திருக்கிற ஆறு பேருக்கு இதை எழுதுகிறேன்.

போன வாரம் பயிற்சியில் உங்களில் ஒருவர் கேட்டீர்கள். "தண்ணி ஏறுது, தண்ணி வடியுது, இந்த ரெண்டுதான் சொல்லணும், 'இறங்குது'ன்னு சொல்லக் கூடாதுன்னு பேப்பர்ல போட்டிருக்கு. ஏன் அங்கிள்? எல்லாம் ஒண்ணுதானே லா?" நான் பதில் சொல்லவில்லை. நம் குழுவின் செயலாளர் பொண்ணு எனக்காக, "அது பழைய வழக்கம்," என்று முடித்துவிட்டது. வழக்கம் இல்லை. அந்த விதியைப் போட்டது நான். ஏன் போட்டேன் என்று முழுசாக இதுவரை இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அந்தப் பொண்ணு ஏற்கெனவே ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறது. நம் பக்கம் வந்த வெள்ளம், புயல் எல்லாவற்றையும் வருஷ வாரியாக எழுதித் தரச் சொன்னது. வருஷம் எனக்கு வராது. ஆறாம் வகுப்போடு நின்றவன். தண்ணீர் எப்படி வந்தது, யார் என்ன சொன்னார்கள், அது நினைவிருக்கிறது. மோட்டார் ஓட்டுவதும் அளவு பார்ப்பதும் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

ஜொகூரில் பெக்கோக் பக்கம் ஒரு தோட்டத்தில் பம்பு ஹவுஸில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். என் பேரே பலருக்குத் தெரியாது. பம்பு என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்தில் இரண்டு டிவிசன். காட்டை ஒட்டி மேட்டில் இருப்பது மேல் டிவிசன். ஆற்றோரம் பள்ளத்தில் இருப்பது கீழ் டிவிசன். நான் கீழ். நடுவில் பத்து மைல் செம்மண் ரோடு. மலையில் பெய்கிற மழை முதலில் மேல் டிவிசன் ஓடையில் தெரியும். அந்தத் தண்ணீர் எங்களிடம் வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும். பெரிய மழை என்றால் அதுவும் இல்லை. இரண்டுக்கும் குறைவு. அந்த நேரம் ஒன்றுதான் எங்கள் கையில் இருந்தது.

என் காலத்தில் நான் பார்த்த பெரிய வெள்ளம் நாலு. ரப்பர் இருந்த காலத்தில் ஒன்று. அப்போது நான் சின்னப் பிள்ளை. ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைவீட்டுப் பரணில் உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம். செம்பனை போட்ட பிறகு மூன்று. நடுவில் ஒரு காற்று வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக் கூரைத் தகரம் பறந்துபோய்ப் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தில் மடிந்து கிடந்தது. மழையே இல்லாத ஒரு வருஷமும் உண்டு. பம்பு சேற்றைத்தான் உறிஞ்சியது. கரையோரத்து மண்ணே காய்ந்து தீப்பிடித்து உள்ளுக்குள் புகைந்தது.

வெள்ளம் வந்து போகும்போதெல்லாம் பம்பு ஹவுஸ் சுவரில் தாரால் ஒரு கோடு போடுவோம். எனக்கு முன் இருந்தவர் காலத்திலிருந்து இருந்த பழக்கம். ஒரு தடவை பெரிய ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அடிக்கச் சொன்னவர் பெரிய கிராணி, தோட்ட ஆபீஸின் தலைமை எழுத்தர். அவரிடம் போய் என்ன பேசுவது என்று விட்டுவிட்டேன். எல்லாக் கோடும் போனது.

பிறகு ஞாபகத்திலிருந்து திரும்பப் போட வேண்டியதாயிற்று. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களைக் கூப்பிட்டேன். கருப்பையா அண்ணன் சுவரில் சாய்ந்து நின்று, "கடைசி வெள்ளத்துல எனக்கு நெஞ்சு வரைக்கும் தம்பி. இங்க போடு," என்றார். அவர் சம்சாரம் லெட்சுமி அக்கா பக்கத்தில் இருந்தார். "அவரு நெஞ்சு எனக்கு மூக்குங்க. நான் இந்நேரம் செத்துல்ல போயிருக்கணும்?" என்றார்.

"நீ அன்னைக்குப் பெஞ்சு மேல நின்ன லா."

"பெஞ்சு மேல நின்னது பக்கத்து வீட்டுக்காரி. இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் யாரு பொண்டாட்டின்னு தெரியல இந்த மனுசனுக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். கோடு இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் விழுந்தது. அது சரியில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதுதான் அடுத்து கணக்கு ஆனது. அடிக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருப்பது என்னிடம் இருந்த பழக்கம். அப்போது அதைச் சின்ன விஷயம் என்று நினைத்தேன்.

இனி மணியத்தைப் பற்றி.

மணியம் மேல் டிவிசனில் ஸ்டோர் பார்த்தவன். ஸ்டோருக்குப் பின்னால்தான் ஓடை, கல் படிக்கட்டோடு. டிவிசன்களுக்கு நடுவில் மட்டும் பேசுகிற டெலிபோன் ஒன்று அவன் மேஜையில் இருந்தது. இன்னொன்று என் பம்பு ஹவுஸில். காலை பெரட்டு முடிந்ததும் ஒரு தடவை கூப்பிடுவான். சாயந்திரம் நாலு மணிக்கு ஒரு தடவை. பதினோரு வருஷம். நேரில் பார்த்தது ஏழெட்டுத் தடவை இருக்கும். கோயில் திருவிழா, ஒரு கல்யாணம், ஒரு சாவு. நேரில் பார்த்தால் இரண்டு பேருக்குமே பேச்சு வராது. டெலிபோனில் வரும்.

"கீழ்லோகமா? உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கோம். மேல்லோகத்துல இந்திரன் சாப்டாச்சா?"

"இந்திரனுக்கு நேத்து வெறும் ரசம். இந்திராணி கோவமா இருக்கா."

"என்ன செஞ்சே?"

"ஒண்ணும் செய்யல. அதான் கோவம்."

இதெல்லாம் முடிந்த பிறகுதான் தண்ணீர். "நிக்குது" என்பான். அல்லது "ஏறுது, ரெண்டு படி முங்கிருச்சு" என்பான். நான் எழுதிக்கொள்வேன். அவ்வளவுதான் வேலை. இரண்டு நிமிஷம். எங்கள் வீட்டில் யாரும் என்னைப் பெயர் சொல்லியோ கேலி செய்தோ பேச மாட்டார்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று நினைத்திருந்தார்கள். அவனுக்கு மட்டும் நான் வேறு ஆள்.

ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் டெலிபோனை எடுத்தேன். "அப்பாடா," என்றான். "நிக்குது" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அந்த வெள்ளம் என் மூத்த மகள் ஐந்தாம் வகுப்பு படித்தபோது வந்தது. மூன்று நாளாக விடாத மழை. இரண்டாம் நாள் சாயந்திரமே ஆட்களைக் கிளப்பி மேட்டில் இருந்த தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் சேர்த்துவிட்டோம். ஐம்பது வீட்டு ஜனம். மணியம் அன்று ஐந்து தடவை கூப்பிட்டான். "ஏறுது, கிளம்புங்க" என்று அவன் சொன்ன பிறகுதான் நாங்கள் கிளம்பினோம். அதையும் எழுதிவிட வேண்டும். அன்று எங்களைக் காப்பாற்றினது அவன்தான். பிறகு அதை யாரும் பேசவில்லை.

நாலாம் நாள் காலை மழை நின்றது. வெயில்கூட அடித்தது. லயத்து வாசலில் முழங்காலுக்கு நின்ற தண்ணீர் ஒரு சாண் குறைந்திருந்தது. மண்டபத்தில் இரண்டு ராத்திரி படுத்தவர்களுக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது. கோழி, நாய், டிவி, அரிசி. ஆளாளுக்கு என்னிடம் வந்து கேட்டார்கள். "மேல கேட்டுச் சொல்றேன்" என்று பம்பு ஹவுஸுக்குப் போனேன். பள்ளிக்கும் பம்பு ஹவுஸுக்கும் நடுவில் ஒரு மண்கரை. அதன் மேலே நடந்து போகலாம்.

நான் போய்ச் சேர்வதற்குள் டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன்.

"பம்பு! தண்ணி இறங்கிருச்சு! இறங்கிருச்சு பம்பு!"

அவ்வளவுதான். லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. கம்பம் எங்கேயோ சாய்ந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தை நீங்கள் மெதுவாகப் படியுங்கள்.

அவன் கத்தினான். பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் கத்தினதில்லை. கீழ்லோகமா என்று கேட்கவில்லை. தண்ணீர் குறைந்தால் அவன் எப்போதும் "வடிஞ்சிருச்சு" என்பான், "இறங்கிருச்சு" என்று சொன்னதில்லை. இது மூன்றும் எனக்குக் காதில் விழுந்தது. விழவில்லை என்று சொன்னால் பொய். சந்தோஷத்தில் கத்துகிறான் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஏனென்றால் மண்டபத்தில் ஐம்பது வீட்டு ஜனம் காத்திருக்கிறது. நல்ல சேதி கொண்டு போக எனக்கு ஆசையாக இருந்தது. என் துணியும் இரண்டு நாளாக ஈரம். எனக்கும் வீட்டுக்குப் போக வேண்டும்.

பள்ளிப் படிக்கட்டில் நின்று சொன்னேன். "மேல இருந்து போன் வந்துச்சு. தண்ணி இறங்கிருச்சாம்!"

கைதட்டினார்கள். பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.

லெட்சுமி அக்கா மட்டும் என்னிடம் வந்தார். கருப்பையா அண்ணனுக்கு ஆணி குத்திக் கால் வீங்கியிருந்தது. நடக்க முடியாமல் சுவரோரம் படுத்திருந்தார். அக்காவுக்குத் தகர டப்பா ஒன்று எடுக்க வேண்டும். பிஸ்கட் டப்பா. அதில்தான் பிள்ளைகளுடைய பிறந்த சூராட், பிறப்புச் சான்றுக் கடுதாசி, எல்லாம் இருந்தது. சின்ன மகளுக்கு ஐ.சி. அடையாள அட்டை எடுக்க அடுத்த வாரம் போக வேண்டும். அந்தக் கடுதாசி போனால் ஐ.சி. இல்லை. ஐ.சி. இல்லாமல் நம் ஜனம் பட்ட பாடு உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

"தம்பி, நம்பிப் போலாமா? வெயில் அடிக்குது, ஆனா ஆறு ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

"போங்கக்கா. மணியமே சொல்லிட்டான்."

"மணியம் சொன்னா சரிதான்," என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனார்.

கருப்பையா அண்ணன் படுத்த இடத்திலிருந்தே, "அப்படியே அந்தக் கோழிய..." என்றார்.

"ஒங்க கோழிக்கு நீச்சல் தெரியும். கால நீட்டாம படுங்க," என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

நான் பம்பு ஹவுஸுக்குத் திரும்பி மோட்டார் மேல் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஆற்றின் மேல் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். லாரிகள் வரிசையாக வருகிற மாதிரி. வெளியே வந்தேன். ஆற்றில் ஒரு முழு மரம் வேரோடு வந்தது. அது பள்ளத்து ஆற்று மரம் இல்லை. மலை மரம்.

படியில் நின்ற இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

மேல் டிவிசன்காரர்களுக்கு யானைத் தொல்லை உண்டு. காட்டிலிருந்து யானை வந்தால் அவர்கள் "இறங்கிருச்சு" என்பார்கள். மணியமே எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறான். "யானை இறங்கிருச்சு பம்பு, செம்பனைக் கன்னு அம்பது போச்சு." அவர்களுக்கு அந்த வார்த்தை எச்சரிக்கை. மலையை விட்டுக் கிளம்பிவிட்டது, உங்கள் பக்கம் வருகிறது என்று அர்த்தம். பள்ளத்தில் இருக்கிற எங்களுக்குக் காய்ச்சல் இறங்கும். தண்ணீர் இறங்கும். எங்களுக்கு அது நிம்மதி. ஒரே தோட்டம், ஒரே பாஷை. பத்து மைல் தாண்டினால் அர்த்தம் தலைகீழ்.

அவன் தண்ணீரை யானையாகப் பார்த்துவிட்டான். அவ்வளவு பெரிதாக வந்திருக்கிறது அது. பயத்தில் அவன் வாயில் அந்த வார்த்தைதான் வந்தது.

ஓடினேன். பெரட்டுக் களத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டை அடித்தேன். வீட்டுக்குள் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். "என்னடா, இறங்கிருச்சுன்னே?" என்று ஒருவர் கேட்டார். "வருது! வருது!" என்று கத்தினேன். எல்லாரும் மண்கரையில் ஏறினார்கள். லெட்சுமி அக்கா வீடு கடைசி வரிசை. அங்கே சத்தம் கேட்டிருக்கும். வெளியே வந்துமிருப்பார். கரை வரைக்கும் வர நேரம் இல்லை.

இரண்டு நாள் கழித்துச் செம்பனை வரிசைக்குள் கிடைத்தார். டப்பா அவரிடம் இல்லை. அது வீட்டில் அலமாரிக்கு மேல் இருந்தது. நனையவில்லை.

அடுத்த வாரம் ஆபீசில் விசாரணை. மானேஜர் மலாய்க்காரர். நல்ல மனிதர். அவருக்குத் தமிழ் தெரியாது. பெரிய கிராணி தமிழில் கேட்டு மலாயில் எழுதினார். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர்கள். இந்தப் பக்கம் நானும் மணியமும். பக்கத்தில் பக்கத்தில். வெளியே ஐந்தடியில் பெஞ்சில் கருப்பையா அண்ணன் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். கால் கட்டு.

கிராணி என்னைக் கேட்டார். "அவன் சொன்ன வார்த்த என்ன? நீயா ஒண்ணும் சேக்காத. அப்படியே சொல்லு."

"தண்ணி இறங்கிருச்சுன்னு சொன்னான்."

அவர் எழுதினார். எழுதினதை மானேஜருக்குப் படித்துக் காட்டினார். 'ஆயர் சூடா சூருட்.' எனக்கு மலாய் தெரியும். சூருட் என்றால் வடிந்துவிட்டது. அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. தமிழில் இரண்டு பக்கமும் திறந்திருந்த வார்த்தை மலாயில் ஒரு பக்கம் மூடிவிட்டது. ஐயா, அப்படி எழுதாதீங்க, அவன் சொன்னது வேற என்று சொல்ல வேண்டும். ஒரு வரி. நாக்கு நுனியில் இருந்தது.

சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று தெரியும். அப்போ ஜனத்தைப் போகச் சொன்னது யார்?

கிராணி மணியத்தைக் கேட்டார். "இறங்கிருச்சுன்னு சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன்."

"அவ்ளோதான்."

மணியம் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் மேஜை மேல் இருந்த காகிதக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் சுற்றின கட்டு. எத்தனை சுற்று என்று இன்றைக்கும் சொல்வேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இரண்டு பேரும் போட்டோம்.

நான் பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது அதுதான். அவன் சொன்ன வார்த்தையைத்தானே சொன்னேன்? உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு நாற்காலி வரும். கேட்ட வார்த்தையைச் சொன்னால் போதாது. கேட்டது என்ன, நீங்கள் புரிந்துகொண்டது என்ன, அது எப்போது தப்பென்று தெரிந்தது, மூன்றையும் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் பொய்யாகிவிடும்.

மணியத்தைப் போகச் சொல்லிவிட்டார்கள். மாத முடிவில் ஒரு சின்ன லாரி பம்பு ஹவுஸைத் தாண்டிப் போனது. கட்டில், மெத்தை, ஒரு தையல் மிஷின். மெத்தை மேல் மணியம் உட்கார்ந்திருந்தான். வாசலில் நின்றேன். கையைத் தூக்கலாம் என்று நினைத்தேன். கை வரவில்லை. அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

மேல் டிவிசன் ஸ்டோருக்கு வேறு ஆள் வந்தான். நல்ல பையன். காலையில் சரியான நேரத்துக்குக் கூப்பிடுவான். "வணக்கம். அளவு ரெண்டு. மழை இல்லை." வைத்துவிடுவான். ஒரு குறை சொல்ல முடியாது. ரிசீவரை வைத்த பிறகு நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

அவனிடம்தான் முதலில் அந்த விதியைச் சொன்னேன். ஏறுது, வடியுது. இறங்குது வேண்டாம். மானேஜர் கேள்விப்பட்டு நல்ல யோசனை என்று இரண்டு டிவிசனிலும் எழுதி ஒட்டினார். பம்பு அண்ணன் கண்டிப்பான ஆள் என்று பேர் வந்தது. அதற்கப்புறம் வந்த வெள்ளத்தில் ஒரு உயிரும் போகவில்லை. அதையும் என் பேரில் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டேன்.

கருப்பையா அண்ணனோடு வருஷக்கணக்கில் ஒரே கோயில், ஒரே கடை. பேச்சு அந்த வெள்ளத்தின் பக்கம் போனால் அவர், "அந்த மணியம் நாசமாப் போவான்," என்பார். நான் தேத்தண்ணியைக் குடிப்பேன்.

பிறகு லயங்களை இடித்தார்கள். ஜனம் கலைந்தது. பாதிப் பேர் ஜொகூர் பாருவுக்கு. பிள்ளைகள் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை. கருப்பையா அண்ணனும் நானும் பெக்கோக்கிலேயே மலிவு விலை வீட்டில் பக்கத்துப் பக்கத்துத் தெரு. அவருடைய சின்ன மகள், அந்த ஐ.சி. எடுக்க வேண்டியிருந்த பிள்ளை, நர்ஸ் ஆகிவிட்டது. அந்தப் பிள்ளை கல்யாணப் பத்திரிகையை எனக்குத்தான் முதலில் கொண்டுவந்தது. "அம்மா போனப்போ நீங்கதான் மணி அடிச்சு எல்லாரையும் காப்பாத்துனீங்கன்னு அப்பா சொல்லுவாரு மாமா," என்றது. பத்திரிகையை வாங்க என் கை நீளவில்லை. மேஜையில் வைத்துவிட்டுப் போனது.

மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். உட்காரவில்லை. நின்றே சொன்னேன். எல்லாவற்றையும். அவர் குறுக்கே பேசவில்லை.

"ஒன்ன அடிக்கணும் போல இருக்கு," என்றார்.

"அடிங்கண்ணே."

"அடிச்சு என்னாவப் போவுது?" சாமி படத்துப் பக்கம் திரும்பி, "பதினாறு வருஷமா தெனம் வெளக்கேத்துறப்ப அவனத் திட்டிட்டுத்தான்டா ஏத்துனேன். அந்தப் பாவம் யாருக்கு?" என்றார். பிறகு, "அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லண்ணே."

"அப்போ எங்கிட்ட ஏன் வந்தே மொத? போ. அவன் மெர்சிங்குல இருக்கறதா கேள்வி. படகுத்துறைகிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையில. போயிட்டு வந்து மூஞ்சியக் காட்டு."

குளுவாங்கில் பஸ் மாறி மெர்சிங் போனேன். கடை சுலபமாகக் கிடைத்தது. தமிழ் முஸ்லிம் ஒருவருடைய கடை. மத்தியான நேரம். தீவுக்குப் போகிற கூட்டம் பை மூட்டையோடு நின்றது. கடைக்குப் பின்பக்கம் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. ஆளைப் பார்த்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. உள்ளே பார்த்து, "முதலாளி, இன்னொரு கூடை வேணுமா, போதுமா?" என்றார். குரல் தெரிந்தது.

"மணியம்," என்றேன்.

நிமிர்ந்தான். உடனே தெரிந்துகொண்டான். கீழ்லோகமா என்ற அந்தப் பழைய கேள்வி வரும் என்று நின்றேன். வரவில்லை.

"உக்காரு," என்றான். இன்னொரு முக்காலியைக் காலால் தள்ளினான். உள்ளே பார்த்து, "ஒரு தேத்தண்ணி. சீனி கொற," என்று சொன்னான். நான் சீனி குறைவாகக் குடிப்பேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? டெலிபோனில் எப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

சொல்ல வந்ததைச் சொன்னேன். யானை, சூருட், காகிதக் கட்டு. அவன் உரித்துக்கொண்டே கேட்டான். நான் முடித்த பிறகும் இரண்டு மூன்று வெங்காயம் உரித்தான்.

"அந்த அக்காவோட பிள்ளைங்க?" என்று கேட்டான்.

"சின்னது நர்ஸு. அடுத்த மாசம் கல்யாணம்."

"நல்லது."

"கல்யாணத்துக்கு நீ வரணும். எல்லாரும் இருப்பாங்க. அங்க வச்சு நான் சொல்றேன். ஒம் பேர்ல தப்பில்லன்னு."

"எம்பேரு இங்க நல்லாத்தான் இருக்கு பம்பு," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அன்றைக்கு ஆபீசில் பார்த்த மாதிரியே.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. எனக்கு வாய் இல்லாம இல்ல. கிராணிகிட்ட நானே சொல்லிருப்பேன், இறங்கிருச்சுன்னா எங்க ஊர்ல வருதுன்னு அர்த்தம்னு. ஒன்னத் திரும்பிப் பாத்தேன்ல? நீ சொல்லப் போறேன்னு நெனச்சேன். எனக்காக ஒருத்தன் பேசுறத ஒரு தடவ கேக்கணும்னு இருந்துச்சு. அதான் சும்மா இருந்தேன்."

நான் தேத்தண்ணிக் கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் கையெழுத்துப் போடச் சொல்லிட்டான். லேட்டாயிருச்சு," என்றான்.

உள்ளேயிருந்து கூடையைக் கேட்டுக் கூப்பிட்டார்கள். எழுந்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. "கடைசி பஸ் அஞ்சு மணிக்கு. விட்டுறாத," என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். திரும்பி வரவில்லை. எதிரே பஸ் நிற்கிற இடத்தில் ஐந்து மணி வரைக்கும் நின்றேன். உள்ளே அவன் யாரிடமோ பேசிச் சிரிக்கிற சத்தம் இரண்டு தடவை கேட்டது. பஸ் வந்தது. ஏறினேன்.

கல்யாணத்துக்கு அவன் வரவில்லை. நான் சொல்லவிருந்ததைச் சொன்னேன். சாப்பாட்டுப் பந்தியில் சிலர் கேட்டார்கள். பாதிப் பேருக்கு மணியம் என்றால் யாரென்றே தெரியவில்லை. வயசானவர்கள் இரண்டு பேர் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

உங்களுக்கு இப்போது சென்சார் இருக்கிறது. போனில் அளவு தானாக வருகிறது. நல்லது. ஆனால் மழை நாளில் யாராவது கூப்பிட்டால் அளவை மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். யார் பேசுகிறார், எப்படிப் பேசுகிறார், வழக்கமாக என்ன சொல்வார், இன்றைக்கு எதைச் சொல்லவில்லை என்று பாருங்கள். விளங்கவில்லை என்றால் அசடு என்று நினைத்தாலும் பரவாயில்லை, திரும்பக் கேளுங்கள். லைன் போய்விட்டால் கெட்டதையே சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது நீங்கள் பேச வேண்டிய நேரம் வந்தால், அவர் உங்களைத் திரும்பிப் பார்க்கும் வரை காத்திருக்காதீர்கள்.

போன மழைக்கு மெர்சிங் பக்கம் கடல் ஏறிவிட்டது என்று நம் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. படகுத்துறைக் கடைகளையெல்லாம் மூடிவிட்டார்கள் என்று போட்டிருந்தது. கூப்பிட்டுக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். அவன் நம்பர் என்னிடம் இல்லை. அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபோது கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். கேட்கவில்லை.